கண்மாய்க் கரையும் களிமண் புரவியும்

(ஜெகதாப்பட்டினத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வலையும் விசைப்படகும் ஐஸ் பெட்டியுமாக இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு துறையிலே வந்து நின்றுகொண்டு, உழவருடைய தெய்வத்தைப் பற்றிப் பேசப் புகுவது பொருத்தமாகுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது என் அபிப்பிராயம். இந்தக் கரையிலிருந்து மேற்கே திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து சற்றே உள்ளே போனால், உப்புக்காற்று வீசுகிற அதே மண்ணைக் கோடை மழையின் ஈரத்தில் புழுதிபட உழுது, நெல்லைத் தூவி மூடிவிட்டு, ஐப்பசி மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் குடியானவர்களைக் காண்கிறோம். மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வட்டங்களின் பெரும்பகுதி இவ்வாறு வடகிழக்குப் பருவமழையையே நம்பிய பூமி. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது தஞ்சையிலிருந்து பிரிந்துவந்த சீமை இது. ஆயினும் தஞ்சைக்குக் காவேரி கொடுத்த செல்வத்தை இதற்கு அவள் கொடுக்கவில்லை. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் உருவான கல்லணைக் கால்வாய், வழியெல்லாம் பிறர் வயலை நனைத்தது போக மிஞ்சிய நீரோடு நாகுடிப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேருவதற்குள், இங்கே நாற்று கருகிப்போன வருஷங்கள் உண்டு. மழையையும் மிச்ச நீரையும் நம்பிப் பிழைக்கிற நிலத்திலே, தேக்கி வைக்கும் கரைதான் உயிர்நாடி. ஆகவே அந்தக் கரையின்மேலேதான் நம் முன்னோர் தங்கள் தெய்வத்தைக் குடியேற்றினார்கள்.

அந்தத் தெய்வம் அய்யனார். புதுக்கோட்டைச் சீமையிலே எந்தக் கண்மாய்க்குப் போனாலும், மிகைநீர் வழியும் கலிங்குக்குப் பக்கத்திலோ மடைக்கு மேற்புறத்திலோ, வீரையும் பாலையும் உசிலும் நாவலும் கொடிகளால் பின்னிக் கிடக்கும் ஒரு சோலையைக் காண்பீர்கள். உள்ளே போனால் ஓங்கிய கோபுரம் இராது. பல இடங்களில் கூரையே இராது. ஒரு காலைத் தொங்கவிட்டு மறு காலை மடித்து, மடித்த முழங்காலைச் சுற்றி யோகப்பட்டம் கட்டி, கையிலே செண்டு ஏந்தி, இருபுறமும் தேவியராகிய பூரணையும் புட்கலையும் அமர, அரசனைப் போலவும் துறவியைப் போலவும் ஒரே சமயத்தில் தோன்றும் மூர்த்தி அங்கே இருப்பார். அவர் முன்னே யானையும், பாதையின் இருமருங்கும் வரிசை வரிசையாகக் குதிரைகளும் நிற்கும். அய்யனாருக்குச் சாத்தன் என்றும் பெயர். சிலப்பதிகாரம் பாசண்டச் சாத்தனைப் பற்றிச் சொல்வதைப் பார்க்கும்போது, சாத்தன் வழிபாடு தமிழகத்தில் எத்தனை பழமையானது என்பது விளங்கும்.

பிரெஞ்சு தேசத்து மானிடவியல் அறிஞர் லூயி துய்மோன், தமிழ்நாட்டுக் கிராமங்களிலே தங்கி ஆராய்ந்து, 1953-இல் அய்யனாரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அய்யனார் புலால் ஏலாதவர், அவருடைய சேனாபதியாகிய கருப்பரோ கிடாயும் சேவலும் கொள்பவர், இருவரும் ஒரே வளாகத்தில் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருக்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயங்களுள் பிரதானமானது. கருப்பருக்குக் கிடாய் வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதியின் திரையை இழுத்து மூடுகிற பூசாரியைப் பார்த்தவர்களுக்கு, பெரிய சாஸ்திர விசாரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஊரிலே பல ஜாதியார் பல ஆகாரத்தோடு வாழ்கிறார்கள். எல்லாருக்கும் நீர் ஒரே கண்மாயிலிருந்து வருகிறது. ஆகையால் எல்லாருடைய படையலுக்கும் அந்த வளாகத்தில் இடம் இருக்கவேண்டும் என்கிற நியாயம் அந்தத் திரைக்குள்ளே இருக்கிறது. மரியாதைச் சண்டைகளும் முதல் தாம்பூலச் சச்சரவுகளும் அங்கே நடந்ததில்லை என்று நான் சொல்லமாட்டேன். தாராளமாக நடந்திருக்கின்றன, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கின்றன.

எல்லாருக்கும் நீர் தரும் அந்தக் கண்மாயின் மடையை நீங்கள் அருகில் நின்று பார்த்ததுண்டா? பழைய கண்மாய்களிலே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி உள்வாயில், நீருக்கு மேலே இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கற்களோடு நிற்கும். அவற்றின் அடியிலே நிலமட்டத்தில் ஒரு கற்பலகை. அதன் நடுவிலே வட்டமாக ஒரு துளை. அதற்குக் கீழே தொட்டி போன்ற அமைப்பு. அங்கிருந்து கரைக்கு அடியாக வயலுக்குப் போகும் சுருங்கை. குமிழித் தூம்பு என்று இதற்குப் பெயர். மேல்துளைக்கு நீரோடித் துளை என்றும், தொட்டியின் அடியிலே பக்கவாட்டில் இருக்கும் சிறு துளைகளுக்குச் சேறோடித் துளை என்றும் பெயர். நீர் திறந்துவிடும் ஊழியராகிய நீர்க்கட்டி முங்கிப் போயோ, தூணிலே நின்றோ அடைப்பைத் தூக்கினால், மேலே தெளிந்த நீரும் கீழே கலங்கிய வண்டலும் ஒன்றாகக் கலந்து வயலுக்குப் போகும். பாய்ச்சலும் தூர் எடுப்பும் ஒரே வேலையாக நடந்துவிடுகின்றன. வயலுக்கு எருவும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. இதைச் செய்வித்தவர்கள் தங்கள் பெயரைத் தூண்களிலே வெட்டி வைத்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பார்த்தால், கோயில் விளக்குக்கு ஆடு விட்டவர்களோடு, ஏரிக்கும் குளத்துக்கும் தூம்புக்கும் பொருள் கொடுத்தவர்களையும் சந்திப்பீர்கள். நந்தா விளக்கும் தூம்புக் கல்லும் ஒரே வகைத் தர்மமாகக் கருதப்பட்ட காலம் அது. கரையில் இருக்கும் கடவுளுக்கு அர்ச்சனை என்பது, முதலில் கரையைக் காப்பதுதான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, குதிரைக்கு வருகிறேன்.

புரவி எடுப்பு என்று நம் ஊர்களிலே நடக்கும் விழாவின் ஆரம்பம் கோயிலிலே இல்லை, கண்மாயிலே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, இந்த வருஷம் புரவி எடுப்பது என்று தீர்மானித்து, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தட்டிலே வைத்து, வெற்றிலை பாக்கோடு, மண்பாண்டம் வனையும் வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தாயிற்று என்றால், ஊரே காப்புக் கட்டிக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகு நடப்பதை வேளார் ஒருவருடைய முற்றத்திலே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்மாய் மண்ணோடு மணலையும் உமியையும் கலந்து மிதிக்கிறார். உமி சூளையிலே எரிந்து போய் நுண்ணிய துவாரங்களை விடுவதனால்தான், ஆளுயரப் பாண்டம் வெடிக்காமல் வேகிறது. முதலில் உருவாகிறவை நான்கு கால்கள். உள்ளே வெற்றிடமாக, கனத்த குழாய்களைப் போல அவை எழுந்து நிற்கும். அவை இறுகிய பிறகே வயிறு. வயிறு இறுகிய பிறகே கழுத்து. ஈரம் மிகுந்தால் உட்கார்ந்துவிடும்; காய்ந்துவிட்டால் ஒட்டாது. வெயிலும் நிழலும் கணக்காக வேண்டியிருப்பதனால் ஈரச்சாக்கைப் போர்த்தியும் எடுத்தும் அவர் மனைவியார் பக்கத்திலேயே இருக்கிறார். பிறகு பிடரி, சேணம், கழுத்தைச் சுற்றிச் சலங்கை, நெற்றியிலே சுட்டி. வைக்கோலும் வறட்டியும் அடுக்கி, மேலே மண்பூசிச் சுடுகிறார்கள். கடைசியாக எஞ்சியிருப்பது கண். அதை விழாவன்றுதான் திறப்பார்கள். திறந்தபின் அது பாண்டம் அன்று, புரவி. துண்டும் மாலையும் சார்த்தி, மூங்கிலிலே கட்டி, தோளிலே ஏற்றிக் கொட்டு முழக்கோடு கண்மாய்க் கரைக்கு எடுத்துச் செல்கிறார்கள். எடுத்துச் சென்று வைத்தபின் அதை ஒருவரும் பராமரிப்பதில்லை. மழை நனைக்கிறது, வேர் துளைக்கிறது, காது உதிர்கிறது, முகம் போகிறது. உதிர்ந்ததை அப்புறப்படுத்துவதுமில்லை. அடுத்த புரவி எடுப்பிலே புதியது வந்து அதன் பக்கத்திலே நிற்கும்.

அந்தக் குதிரை எதற்கு? இரவிலே அய்யனார் அதன்மேல் ஏறி, கரையையும் எல்லையையும் சுற்றி வருகிறார் என்பது ஐதீகம். கரை உடைவது பெரும்பாலும் இரவிலே, கொட்டுகிற மழையிலேதான். அந்த நேரத்தில் கையில் மண்வெட்டியோடு கரைமேலே நடந்த மனிதனுக்கு, தனக்கு முன்னே ஒருவர் குதிரையிலே போய்க்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

இந்த நம்பிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தேசத்துக்கும் போய் வருவோம். ஜப்பான் தேசத்தாரும் நெல்லை உயிராக மதிப்பவர்கள். அவர்களுடைய ஷிந்தோ மதத்திலே மலையும் நீரும் மரமும் நெல்லும் தெய்வ சாந்நித்தியம் உடையவை. கியோத்தோ நகரத்தின் தென்புறத்திலே, ஃபுஷிமி இனாரி என்ற ஆலயம் 711-ஆம் ஆண்டிலே தோன்றியதாக அவர்கள் வழங்குகிறார்கள். ஹாதா குலத்துச் செல்வர் ஒருவர், அரிசிப் பிட்டை இலக்காக வைத்து அம்பு எய்தார். பிட்டு வெண்பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்திலே நெல் விளைந்தது. அவ்விடமே க்ஷேத்திரம் ஆயிற்று என்பது தலபுராணம். உண்ணும் பொருளை விளையாட்டுக்கு இலக்காக்கிய செருக்குக்கு, நெல்லே பறந்துபோய்ப் பாடம் சொன்னதாக அந்தக் கதையை நான் படிக்கிறேன். அங்கே தெய்வத்தின் தூதனாக நிற்பது நரி. கல்லிலே செதுக்கிய நரிகள், வாயிலே நெற்கதிரையோ களஞ்சியத்தின் சாவியையோ கவ்விக்கொண்டு வாயிலின் இருபுறமும் அமர்ந்திருக்கும். மலையடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் செந்நிறத் தோரண வாயில்கள் ஆயிரக்கணக்கிலே நிற்கின்றன. அவற்றைக் காணிக்கையாக நட்டவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். நெல்லுக்கு அதிபதியாக இருந்த தெய்வம், நாளடைவில் வாணிகத்துக்கும் அதிபதியாகிவிட்டது. நம் அய்யனாருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அவர் கண்மாயோடு நின்றுவிட்டார். அது அவருக்கு நல்லதாயிற்றென்றே எனக்குத் தோன்றுகிறது.

நரியென்றவுடனே உங்கள் நினைவு அருகிலுள்ள, திருப்பெருந்துறை எனப்படும் ஆவுடையார்கோவிலுக்குப் போயிருக்குமே! அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணியிலே செலவிட்டுவிட்ட மாணிக்கவாசகருக்காக, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிய லீலையை இங்குள்ள குழந்தைகளும் அறியும். அந்தக் கோயிலின் கருவறையிலே லிங்கத் திருமேனி இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லிலே பரப்பி, பாகற்காயும் கீரையும் சேர்த்துப் படைக்க, எழும் ஆவியே நைவேத்தியமாகிறது. அருவமாக இருக்கும் இறைவனுக்கு நெல்லின் ஆவி போதும் என்கிற அந்தச் சம்பிரதாயத்தைக் கேட்டால், ஷிந்தோ பூசாரி ஒருவர் தயக்கமின்றித் தலை வணங்குவார் என்று நம்புகிறேன்.

கியோத்தோவுக்கு வடக்கே மலைப்பள்ளத்தாக்கில் கிபுனே என்ற நீர்த்தெய்வத்தின் ஆலயம் இருக்கிறது. மழை வேண்டுமானால் அரசர் அங்கே கறுப்புக் குதிரையைக் காணிக்கை விடுவார். மழை நிற்க வேண்டுமானால் வெள்ளைக் குதிரையை விடுவார். உயிர்க்குதிரை வாங்க இயலாதவர்கள், நாளடைவில் மரப்பலகையிலே குதிரையின் சித்திரத்தைத் தீட்டிக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இன்று ஜப்பானியர் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் வேண்டுதலை எழுதித் தொங்கவிடும் சிறு பலகைகளுக்கு அதுவே மூலம் என்று சொல்லுகிறார்கள். இந்த இரண்டு குதிரைகளுக்கும் இடையிலே சரித்திர சம்பந்தம் கற்பிக்க நான் விரும்பவில்லை. அவர்கள் குதிரை மழையை அழைக்கப் போகிறது. நம் குதிரை பெய்த மழையைக் காக்கப் போகிறது. மேகத்தை நிறையப் பெற்ற தேசத்துக்கும், பெற்றதைக் கரைகட்டிக் காக்கவேண்டிய தேசத்துக்கும் உள்ள பேதம் இது.

ஆனால் ஒரு விஷயத்திலே அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது இருக்கிறது. இசே என்னும் தலத்திலே, சூரிய தேவியாகிய அமதெராசுவுக்கு உள்ளாலயமும், அவளுக்கு உணவளிக்கும் தொயோஉகே என்ற தெய்வத்துக்கு வெளியாலயமும் உள்ளன. வெளியாலயத்திலே தினந்தோறும் காலையிலும் மாலையிலும் தீக்கடைகோலால் கடைந்தெடுத்த நெருப்பிலே சமைத்து, சோறு, நீர், உப்பு, மீன், கடற்பாசி, காய்கனி ஆகியவற்றைப் படைக்கிறார்கள். நெல் அவர்களுக்கே உரிய வயலிலே விளைகிறது. உப்பு அவர்களுக்கே உரிய பாத்தியிலே எடுக்கப்படுகிறது. வயலும் கடலும் ஒரே தட்டிலே சேருகிற இந்தப் படையலை ஜெகதாப்பட்டினத்துக்காரர்களாகிய நீங்கள் எளிதிலே புரிந்துகொள்வீர்கள்; இங்கேயும் நெல் விளைகிற ஊருக்கும் மீன் படுகிற ஊருக்கும் நடுவிலே ஒரு வாய்க்கால்தானே இருக்கிறது!

அந்த இசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து மனையிலே, அதே அளவிலே, அதே மரத்திலே புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690-ஆம் ஆண்டில் ஜிதோ பேரரசியின் காலத்திலே தொடங்கிய வழக்கம் அது. உள்நாட்டுப் போர்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் மீண்டும் தொடர்ந்து, 2013-இல் 62-ஆம் முறையாக நிறைவேறியது, அடுத்தது 2033-இல். நாம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோமே, அதுவும் புதுப்பித்தல்தான். எனினும் கல்லைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் வர்ணம்தான் புதிதாகிறது. இசேயிலே புதிதாவது கையின் திறமை. இருபது வயதில் மரம் சுமந்த தச்சன் நாற்பதில் உளி பிடிக்கிறான், அறுபதில் மேற்பார்வை செய்கிறான். தொழில் அறுந்துபோக வழியில்லை. உதிரும் மண்குதிரையை வைத்து உதிரவிட்டு, மறுபடியும் பிடிமண் கொடுத்த நம் கிராமத்தாரும் இதையே வேறொரு வழியிலே செய்தார்கள். குதிரை அழியுமாகையால் வேளாருக்கு வேலை இருந்தது. வேளாருக்கு மண் வேண்டியிருந்ததனால் கண்மாயின் உள்வாய் தோண்டப்பட்டது. உள்வாய் தோண்டப்பட்டதனால் நீர் நின்றது.

இந்தச் சங்கிலியை நாம் நம் காலத்திலே அறுத்துவிட்டோம். எங்கே பார்த்தாலும் சிமென்டுக் குதிரைகள் எழுகின்றன. பளபளக்கும் எனாமல் வர்ணம், நன்கொடையாளர் பெயர், கைப்பேசி எண்ணோடு கூடிய பலகை. அவை உதிர மாட்டா. ஆகையால் மறுபடியும் ஒருவரும் செய்யவேண்டியதில்லை. பெரிய குதிரையே கூடாதென்பது என் வாதம் அன்று. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்திலே, பெருங்காரையடி மீண்ட அய்யனார் சந்நிதியின் முன்னே 33 அடி உயரத்திலே தாவி நிற்கும் குதிரையை நீங்கள் அறிவீர்கள். மாசி மகத்தன்று அதற்குச் சார்த்தும் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கிலே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கழுத்தும் வயிறும் தெரியாமல் மூடிவிடுகின்றன. வேனிலும் டிராக்டரிலும் மாலைகளை ஏற்றிக்கொண்டு வரும் ஜனங்களின் உற்சாகத்தைப் பார்த்தால், அங்கே பக்தி கட்டுமானத்தோடு நின்றுவிடவில்லை, வருஷந்தோறும் புதிதாகிறது என்பது தெரியும். கண்மாயில் தண்ணீர் இல்லாமல் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்க, கரைமேல் மட்டும் சிமென்டுக் குதிரைக்கு வர்ணம் அடிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். வரத்துக்கால் அடைபட்டு, உள்வாய் பட்டாவாகி, கலிங்கு உடைந்து கிடக்கும் இடத்தில், இரவிலே அய்யனார் எதைச் சுற்றிவருவார்?

நிராசைப்படவேண்டிய அவசியமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், இந்தத் துறையிலே படகுகளையும், உள்ளே கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் ஒரே இரவிலே சாய்த்தது. ஒரு தலைமுறை வளர்த்த தென்னையை இழந்தவர்கள், மறு வருஷமே மண்வெட்டியை எடுத்தார்கள். 2019-இல் பேராவூரணிப் பெரிய குளத்தைக் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் தூர்வாரியது; கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதி இளைஞர்களும் தங்கள் குளங்களிலே இறங்கினார்கள். வெளிநாட்டிலே இருப்பவர்கள் பணம் அனுப்பினார்கள். ஊராரே கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்து என்பது பழைய தஸ்தாவேஜுகளிலே மட்டும் இருக்கும் சொல் என்று எண்ணியிருந்த என்போன்றோருக்கு அது பெரிய ஆறுதல்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது சொற்பம். கண்மாய் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் வட்டாட்சியரின் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் அரசு விதியை எளிதாக்கியிருக்கிறது. அதை உங்கள் ஊர் வேளாருக்கு எடுத்துச் சொல்லி, மனுப் போட உதவி செய்யுங்கள். அடுத்த புரவி எடுப்புக்கு ஊர்க் கூட்டம் போடும்போது, சிமென்டுக்கு ஆகும் தொகையிலே மண்குதிரைகள் எத்தனை வரும் என்று கணக்குக் கேளுங்கள். கோயில்காட்டிலே ஒரு கொடியையும் வெட்டவிடாதீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னே, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கரைமேலே நடந்து, வரத்துக்காலையும் மடையையும் கலிங்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.